இசிஜி தாளில் ‘பார்டர்லைன்’ என்று வந்திருக்கிறதா? அந்த வரியை எப்படிப் படிப்பது

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். வயது 36. வேலையில் சேர்வதற்கான மெடிக்கல் செக்கப்பில் இசிஜி எடுத்தார்கள். தாளின் மேல்பகுதியில் துடிப்பு நிமிடத்துக்கு 98, பிஆர் 156, க்யூஆர்எஸ் 94, க்யூடி 364, க்யூடிசி 465 என்று எண்கள் (துடிப்பு தவிர மற்றவை மில்லி விநாடியில்; பி, க்யூஆர்எஸ், டி என்பவை ஒவ்வொரு துடிப்பிலும் அடுத்தடுத்து வரும் அலைகள், பிஆரும் க்யூடியும் அவற்றை வைத்து அளக்கும் நேரங்கள்). பக்கத்தில் மெஷின் அச்சடித்த மூன்று வரிகள்: டி அலையில் நான்ஸ்பெசிஃபிக் மாற்றம், க்யூடி இடைவெளி எல்லையோர நீளம், முடிவாக ‘பார்டர்லைன் இசிஜி’. நெஞ்சு வலி, மூச்சிரைப்பு, மயக்கம் எதுவும் இல்லை. சுகர், பிரஷர் இல்லை. அடைப்பு இருக்குமோ, பேசாமல் ஆஞ்சியோ எடுத்துப் பார்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

ஆஞ்சியோவுக்கு இந்தத் தாளில் ஒரு காரணமும் இல்லை. செய்ய வேண்டியவை வேறு: நன்றாக ஓய்வெடுத்த பிறகு சரியான முறையில் இன்னொரு இசிஜி, பழைய இசிஜி இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, ரத்தத்தில் பொட்டாசியம் அளவு, கடந்த இரண்டு வாரங்களில் சாப்பிட்ட மாத்திரைகளின் பட்டியல். உங்கள் தாளில் உள்ள இரண்டு குறிப்புகளும் ஒரே காரணத்தால் வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அது உங்கள் துடிப்பு வேகம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விரிவாகப் பார்ப்போம்.

அந்த வரியை எழுதியது டாக்டர் இல்லை, மெஷினுக்குள் இருக்கும் மென்பொருள். அது சுமார் 10 விநாடிப் பதிவை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள துடிப்புகளைச் சராசரியாக்கி, அலைகளின் உயரம், அகலம், இடைவெளிகளை அளக்கிறது. ஒவ்வோர் அளவையும் தன்னிடம் உள்ள வரம்போடு ஒப்பிடுகிறது. அந்த வரம்புகள், ஆரோக்கியமானவர்கள் ஏராளமானோரை அளந்து, அவர்களில் 100-க்கு 95 முதல் 98 பேர் வரை உள்ளே வரும்படி போட்ட கோடுகள். அப்படியென்றால் எந்த நோயும் இல்லாத சிலர் ஒவ்வோர் அளவிலும் கோட்டுக்கு வெளியே நிற்கத்தான் செய்வார்கள். மெஷின் பார்ப்பதோ ஒன்றிரண்டு அளவுகளை அல்ல, டஜன் கணக்கில். ஏதாவது ஒன்றில் கோட்டைத் தொட்டுவிடுவது எவ்வளவு எளிது என்று யோசித்துப் பாருங்கள்.

மெஷினுக்குத் தெரியாதவை நிறைய. உங்களுக்கு வலி இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், போன வருடத்துத் தாள் எப்படி இருந்தது, மாடிப்படி ஏறி வந்து உடனே படுத்தீர்களா, இவை எதுவும் அதற்குத் தெரியாது. தெரிவது வயதும் ஆணா பெண்ணா என்பதும் மட்டும்தான்; அதுவும் டெக்னீஷியன் சரியாகப் பதிந்திருந்தால். கூட்டமாக ஆட்களை வரிசையில் நிறுத்தி எடுக்கும் செக்கப்புகளில் முந்தைய ஆளின் விவரம் அப்படியே தங்கிவிடுவது உண்டு. வயதும் பாலினமும் மாறினால் மெஷின் பயன்படுத்தும் வரம்பும் மாறும். எனவே தாளைக் கையில் எடுத்ததும் முதல் வேலை, பெயர், வயது, பாலினம், தேதி, நேரம் ஐந்தும் உங்களுடையவைதானா என்று பார்ப்பது. தாளில் எங்காவது ‘அன்கன்ஃபர்ம்டு’ என்று இருந்தால், மருத்துவர் இன்னும் படித்துக் கையெழுத்திடவில்லை என்று பொருள்.

அடுத்து தாளின் அடிப்பகுதியைப் பாருங்கள். 25 மி.மீ./விநாடி, 10 மி.மீ./மில்லிவோல்ட் என்று இருக்க வேண்டும். இந்த வேகத்தில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி விநாடி, ஐந்து சின்னக் கட்டங்கள் சேர்ந்த பெரிய கட்டம் 200 மில்லி விநாடி. உயரத்தில் 10 சின்னக் கட்டம் ஒரு மில்லிவோல்ட். அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருப்பதற்காகச் சிலர் உயரத்தை 5 மி.மீ.க்குக் குறைத்திருப்பார்கள். அதைக் கவனிக்காமல் படித்தால் எல்லா அலைகளும் பாதி உயரத்தில் தெரியும். அதே வரியில் ஃபில்டர் எண்களும் இருக்கும். பெரியவர்களுக்கு 0.05 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை இருப்பது நல்லது. கோடு ஆடுகிறது என்பதற்காகக் கீழ் எண்ணை 0.5-க்கு உயர்த்தினால் சில மெஷின்களில் எஸ்டி பகுதி, அதாவது க்யூஆர்எஸ்-க்கும் டி-க்கும் இடையே உள்ள கோடு, உண்மைக்கு மாறாக ஏறியோ இறங்கியோ தெரியும். மேல் எண்ணை 40-க்கு இறக்கினால் கூர்மையான சின்ன அலைகள் மழுங்கிவிடும்.

இனி உங்கள் க்யூடி கணக்கு. க்யூடி என்பது க்யூஆர்எஸ் தொடங்கும் இடத்திலிருந்து டி அலை முடியும் இடம் வரை உள்ள நேரம். இதயத்தின் கீழறைகள் சுருங்கத் தொடங்கி, மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம் என்று சொல்லலாம். துடிப்பு வேகமானால் இது குறையும், மெதுவானால் கூடும். ஆகவே 60 துடிப்பில் இருந்தால் எவ்வளவு இருந்திருக்கும் என்று மாற்றிச் சொல்வதுதான் க்யூடிசி. பெரும்பாலான மெஷின்கள் இதற்கு 1920-ல் பாசெட் வெளியிட்ட சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றன: இரண்டு துடிப்புகளுக்கு இடையே உள்ள நேரத்தை விநாடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் க்யூடியை வகுக்க வேண்டும். அதே 1920-ல் ஃபிரெடெரிசியா வெளியிட்ட சூத்திரம் வர்க்கமூலத்துக்குப் பதிலாகக் கனமூலத்தை எடுக்கிறது.

உங்கள் எண்களைப் போட்டுப் பார்ப்போம். துடிப்பு 98 என்றால் துடிப்புகளுக்கு இடையே 60 வகுத்தல் 98, அதாவது 0.612 விநாடி. அதன் வர்க்கமூலம் 0.782. 364-ஐ இதால் வகுத்தால் 465. தாளில் வந்திருப்பது இதுதான். அதே 0.612-இன் கனமூலம் 0.849. இதால் வகுத்தால் 429. ஆண்களுக்கு 450-ம் அதற்கு மேலும், பெண்களுக்கு 460-ம் அதற்கு மேலும் இருந்தால் நீளம் என்பது 2009-ல் அமெரிக்க இதய அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வரம்பு. ஒரே தாள், ஒரே அலை. ஒரு சூத்திரத்தில் எல்லையைத் தாண்டுகிறது, இன்னொன்றில் வசதியாக உள்ளே இருக்கிறது. துடிப்பு 90-ஐத் தாண்டினால் பாசெட் சூத்திரம் மிகையாகத் திருத்திவிடும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த குறை. 60-க்குக் கீழே போனால் இதற்கு நேர்மாறாகக் குறைத்துக் காட்டும். பத்து நிமிடம் அமைதியாகப் படுத்தபின் உங்கள் துடிப்பு 72-க்கு இறங்கி, க்யூடி 390 என்று வந்தால், பாசெட் கணக்கிலேயே க்யூடிசி 427-தான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. டி அலை தட்டையாக இருந்தால் அது எங்கே முடிகிறது என்று மெஷினால் சரியாகப் பிடிக்க முடியாது. சில நேரம் டி-க்குப் பின்னால் வரும் சின்ன யூ அலையையும் சேர்த்து அளந்துவிடும், க்யூடி நீண்டுவிடும். எனவே டி அலை மாற்றமும் க்யூடி நீளமும் ஒன்றாக அச்சானால் மருத்துவர் கையால் அளந்து பார்க்க வேண்டும். முறை எளிதுதான். லீட் என்பது இதயத்தை ஒரு கோணத்திலிருந்து பார்க்கும் தனி வரைவு; வி1 முதல் வி6 வரை மார்பில் எடுப்பவை. லீட் 2 அல்லது வி5-ஐ எடுத்து, டி அலையின் இறங்கும் சரிவில் மிகச் செங்குத்தான இடத்தை ஒட்டி ஒரு நேர்கோடு போட வேண்டும். அது அடிக்கோட்டைத் தொடும் இடமே டி முடியும் இடம். மூன்று நான்கு துடிப்புகளில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். அடிக்கோலும் பென்சிலும் போதும்.

ஆனால் இதே ஜோடி, அதாவது தட்டையான டி, எடுப்பான யூ, நீண்டதாகத் தெரியும் க்யூடி, ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தாலும் அப்படியே வரும். அதனால்தான் முதலிலேயே பொட்டாசியம் பார்க்கச் சொன்னேன். லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இயல்பு. வாந்தி, பேதி, நீர் பிரிய எடுக்கும் மாத்திரை, பல நாள் சரியாகச் சாப்பிடாமல் இருப்பது, இவை குறைவுக்கு வழக்கமான காரணங்கள். மக்னீசியமும் கால்சியமும் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது. இது பெரிய செலவில்லாத ரத்தப் பரிசோதனை.

மாத்திரைகளைப் பற்றியும் கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் க்யூடியை நீட்டும் மருந்துகள் சாதாரணமாக நம் கைக்கு வருபவை. தொண்டை, சளிக்குக் கொடுக்கும் அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் தரும் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், வாந்திக்கு ஆன்டான்செட்ரான், அசிடிட்டி மாத்திரையோடு சேர்ந்தே வரும் டோம்பெரிடோன், பூஞ்சைத் தொற்றுக்கு ஃப்ளூகோனசோல், மூட்டு வாதத்துக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், மன நல மருந்துகளில் சிட்டலோபிராம், எஸ்சிட்டலோபிராம், ஹாலோபெரிடால். இவற்றில் ஒன்றைச் சில நாள் எடுப்பது பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. பிரச்சினை, இரண்டு மூன்று சேரும்போது. வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் ஏற்கெனவே இறங்கிய ஒருவருக்கு ஆன்டிபயாட்டிக் ஒன்று, வாந்தி மாத்திரை ஒன்று என்று கொடுத்தால் க்யூடி எகிறிவிடும். அதற்காக நீங்களே எதையும் நிறுத்திவிடாதீர்கள், குறிப்பாக மன நல மருந்துகளை. பட்டியலை எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.

உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய க்யூடிசி எவ்வளவு என்று கேட்டால்: ஓய்வில் எடுத்த இசிஜிகளில் திரும்பத் திரும்ப 480-ம் அதற்கு மேலும் வந்தால் பரம்பரையாக வரும் நீள் க்யூடி நோய் இருக்கிறதா என்று இதய மருத்துவர் பார்க்க வேண்டும். காரணம் தெரியாத மயக்கம் வந்தவருக்கு 460-லேயே அந்தச் சந்தேகம் வர வேண்டும். 500-ஐத் தாண்டினால் தள்ளிப்போடக் கூடாது, அன்றே காட்ட வேண்டும்.

டி அலையில் நான்ஸ்பெசிஃபிக் மாற்றம் என்றால், அலை கொஞ்சம் தட்டையாக அல்லது லேசாகத் தலைகீழாக இருக்கிறது, ஆனால் எந்த ஒரு நோயின் அடையாளமாகவும் அது இல்லை என்று பொருள். வேகத் துடிப்பு, பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விடுவது, வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு எடுப்பது, ரத்தசோகை, தைராய்டு குறைவு, பொட்டாசியம் குறைவு, நீண்டகால ரத்த அழுத்தம் என்று காரணங்கள் ஏராளம். ஏவிஆர் லீடில் டி தலைகீழாக இருப்பதுதான் இயல்பு. லீட் 3-லும் வி1-லும் தலைகீழாக இருந்தாலும் தவறில்லை; சில பெண்களுக்கு வி2 வரைகூட அப்படி இருக்கும். வி2-ஐத் தாண்டிப் போனாலோ, பக்கத்துப் பக்கத்து லீடுகளில் 1 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழமாக இருந்தாலோ அதை ‘நான்ஸ்பெசிஃபிக்’ என்று ஒதுக்கக் கூடாது. இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோவாவது எடுக்க வேண்டும்.

ஒரு மாற்றத்தை மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஓரிரு நாள் முன்பு நெஞ்சு வலி வந்து தானாகவே போய்விட்டது. இப்போது வலி இல்லை. இசிஜியில் வி2, வி3-ல் டி அலை முதலில் ஏறிப் பின் கீழே இறங்குகிறது, அல்லது ஆழமாகத் தலைகீழாக நிற்கிறது. மெஷின் இதைச் சாதாரண டி அலை மாற்றம் என்று அச்சடித்துவிடலாம். ஆனால் இது வெல்லன்ஸ் என்ற மருத்துவரும் அவரது குழுவும் 1982-ல் விவரித்த அடையாளம். இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயின் தொடக்கத்தில் கடுமையான அடைப்பு இருப்பதைக் காட்டுவது. இவரை ட்ரெட்மில்லில் ஓடவிடவே கூடாது. நேராக ஆஞ்சியோ வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். வலி இருந்ததா என்று ஒரு வார்த்தை கேட்காமல் தாளை மட்டும் படிப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

இனி இசிஜி எடுக்கும் முறை. பார்டர்லைன் என்று வருபவற்றில் கணிசமானவை எலெக்ட்ரோடு (உடலில் ஒட்டும் மின்முனை) வைத்த இடத்தால் வருபவை. மறுபடி எடுக்கும்போது நீங்களே கவனிக்கலாம்.

மார்பில் வி1, வி2 இரண்டும் நான்காவது விலா இடைவெளியில், நெஞ்செலும்பின் வலது, இடது ஓரங்களில் இருக்க வேண்டும். இடத்தைக் கண்டுபிடிக்க, தொண்டைக்குக் கீழே உள்ள பள்ளத்தில் விரலை வைத்து நெஞ்செலும்பு வழியே இறக்கினால் ஏறக்குறைய 5 செ.மீ. கீழே குறுக்காக ஒரு மேடு தட்டும். அதன் பக்கவாட்டில் இருப்பது இரண்டாவது விலா; அதற்குக் கீழே உள்ள இடைவெளி இரண்டாவது. அங்கிருந்து இன்னும் இரண்டு இடைவெளி இறங்கினால் நான்காவது. அவசரத்தில் இந்த எண்ணும் வேலையை விட்டுவிட்டு, கண் மதிப்பில் இரண்டாவது, மூன்றாவது இடைவெளியிலேயே எலெக்ட்ரோடை ஒட்டிவிடுவது மிகச் சாதாரணம். விளைவு: ஆர் அலை (க்யூஆர்எஸ்-இல் மேல் நோக்கிய முனை; அதற்கு முன்னும் பின்னும் கீழ் நோக்கி வருபவை க்யூ, எஸ்) சரியாக வளரவில்லை என்ற குறிப்பு, பழைய மாரடைப்பு இருக்கலாம் என்ற குறிப்பு, பாதி வலக்கிளைத் தடை (வலது கீழறைக்கு மின்துடிப்பைக் கொண்டுபோகும் கிளையில் தாமதம்) என்ற குறிப்பு, சில நேரம் ப்ருகாடா நோய் (ஆபத்தான துடிப்புக் கோளாறு தரும் பரம்பரை நோய்) போன்ற தோற்றம்கூட. வி2-ல் பி அலை மேலும் கீழுமாகவோ முழுக்கக் கீழ் நோக்கியோ இருந்தால், எலெக்ட்ரோடு மேலே வைக்கப்பட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

வி4 ஐந்தாவது இடைவெளியில், காறை எலும்பின் நடுவிலிருந்து நேர் கீழே. வி3 என்பது வி2-க்கும் வி4-க்கும் நடுவே. வி5, வி6 இரண்டும் வி4-இன் அதே மட்டத்தில், முறையே அக்குளின் முன்மடிப்புக்கும் அக்குளின் நடுவுக்கும் நேராக. பெண்களுக்கு இவற்றை மார்பகத்துக்குக் கீழே ஒட்டுவதுதான் வழக்கம். கூச்சத்தால் உள்ளாடையைக் கழற்றாமல், கிடைத்த இடத்தில் வைத்துவிட்டால் தாள் பயனில்லாமல் போகும். பெண் டெக்னீஷியன் வேண்டும் என்று கேட்கலாம், தயங்க வேண்டாம். ஜெல்லை ஒரே தீற்றலாக வி1 முதல் வி6 வரை இழுத்துத் தடவினால் பக்கத்து எலெக்ட்ரோடுகள் ஒன்றோடொன்று இணைந்து, ஆறு லீடுகளும் ஒரே மாதிரி தெரியும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பொட்டாக வைக்க வேண்டும்.

கை கால் கிளிப்புகளில் நடக்கும் பிழை இடம் மாறுவது. இங்கே பெரும்பாலான மெஷின்களில் சிவப்பு வலது கை, மஞ்சள் இடது கை, பச்சை இடது கால், கறுப்பு வலது கால். அமெரிக்க நிற முறையில் வரும் மெஷின்களில் நிறங்கள் வேறு, அதனால் கிளிப்பில் உள்ள எழுத்தைப் பார்ப்பதே பாதுகாப்பு. இரண்டு கைகளும் மாறிவிட்டால் லீட் 1 முழுவதும் தலைகீழாகும், பி அலை உட்பட. ஏவிஆர் மேல் நோக்கி வரும். மெஷின் ‘அச்சு (இதய மின்னோட்டத்தின் மொத்தத் திசை) வலப்பக்கம் விலகல்’ என்று எழுதும், சில நேரம் பக்கவாட்டு மாரடைப்பு என்றும் எழுதும். லீட் 1-ல் பி அலை கீழ் நோக்கி இருந்தால் எதையும் நம்பும் முன் கிளிப்புகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இதயம் வலப்பக்கம் இருப்பவர்களுக்கும் லீட் 1 இப்படித்தான் இருக்கும். ஆனால் அவர்களுக்கு வி1-லிருந்து வி6 போகப் போக அலைகள் சிறுத்துக்கொண்டே வரும், கிளிப் மாறியவர்களுக்கு அப்படி வராது.

மறுபடி எடுக்கும் நாளில் அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் காபி, டீ, சிகரெட் வேண்டாம். பெரிய சாப்பாடும் வேண்டாம். போய்ச் சேர்ந்து பத்து நிமிடமாவது உட்காருங்கள். ஏசி அறையில் நடுங்கினால் கோடு முழுக்க முள்ளாக வரும், போர்வை கேளுங்கள். மார்பில் முடி அடர்த்தியாக இருந்தால் ஒட்டும் இடத்தில் மட்டும் மழித்துக்கொள்வது நல்லது. கைகள் கட்டிலில் முழுதாகப் படிந்திருக்க வேண்டும்; கட்டில் குறுகலாக இருந்து கைகளைத் தூக்கிப் பிடித்திருந்தால் தசைத் துடிப்பும் பதிவில் சேரும்.

பார்டர்லைன் பட்டியலில் அடிக்கடி வரும் மற்ற குறிப்புகளையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் வேறு சிலருக்கு அவை இருக்கலாம்.

பி அலை தொடங்குவதிலிருந்து க்யூஆர்எஸ் தொடங்கும் வரை உள்ள பிஆர் இடைவெளி 200 மில்லி விநாடியைத் தாண்டினால் ‘முதல் நிலைத் தடை’ என்று வரும். பெயர் பயமுறுத்தும், ஆனால் 210, 220 என்பதற்குச் சிகிச்சை ஒன்றும் கிடையாது. பிரஷருக்கு அட்டெனோலால், மெட்டோப்ரோலால், டில்டியாசெம் போன்றவை எடுப்பவர்களுக்கு இது வருவது இயல்பு. 300-ஐ நெருங்கினாலோ, தலைசுற்றல், மயக்கம் சேர்ந்திருந்தாலோ 24 மணி நேர ஹோல்டர் பதிவு (உடலில் மாட்டிக்கொண்டே எடுக்கும் தொடர் இசிஜி) தேவை. பிஆர் 120-க்குக் கீழே இருந்தால் க்யூஆர்எஸ் தொடக்கத்தில் சாய்வான ஒரு சின்ன ஏற்றம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அது டெல்டா அலை, கூடுதல் மின்பாதையின் அடையாளம். படபடப்பு வருகிறவராக இருந்தால் இதய மின்னியல் நிபுணரைப் பார்ப்பது அவசியம்.

‘பாதி வலக்கிளைத் தடை’ என்பது க்யூஆர்எஸ் 110-க்கும் 120-க்கும் இடையே இருந்து, வி1-ல் இரண்டு முனை தெரிவது. இளைஞர்களிலும் விளையாட்டு வீரர்களிலும் சாதாரணம். மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, கூடுதல் சத்தம் ஏதும் இல்லையென்றால் அதோடு விட்டுவிடலாம். சத்தம் இருந்தால், இதய மேலறைச் சுவரில் ஓட்டை இருக்கிறதா என்று எக்கோவில் பார்க்க வேண்டும். இடக்கிளைத் தடை அப்படி அல்ல. அது புதிதாகத் தெரிந்தால் எல்லையோரம் என்ற பேச்சே கிடையாது, எக்கோ கட்டாயம்.

இடது கீழறை தடித்திருக்கலாம் என்ற குறிப்பு பெரும்பாலும் உயரத்தை மட்டும் வைத்து வருவது. வி1-ல் எஸ் அலையின் ஆழத்தையும் வி5 அல்லது வி6-ல் ஆர் அலையின் உயரத்தையும் கூட்டினால் 35 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்பது 1949-லிருந்து இருக்கும் சோகோலோவ்–லயான் விதி. ஒல்லியான இளைஞர்களுக்கு மார்புச் சுவர் மெல்லியது, எலெக்ட்ரோடு இதயத்துக்கு அருகில் இருக்கிறது, அதனால் உயரம் தானாகவே கூடிவிடும். இதில் நோய் இல்லை. பருமனானவர்களுக்கு இதற்கு நேர் எதிராக, உண்மையான தடிப்பே மறைந்துவிடும். பல வருடமாக பிரஷர் இருப்பவருக்கு இந்தக் குறிப்பு வந்தால் எக்கோ எடுங்கள். வராவிட்டாலும், பிரஷர் கட்டுக்குள் இல்லையென்றால் எடுப்பது நல்லது.

‘கீழ்ப்பக்க மாரடைப்பு, காலம் தெரியவில்லை’ என்ற வரிதான் குடும்பத்தையே கலங்கடிப்பது. லீட் 3-ல் மட்டும் க்யூ அலை இருந்தால் அதற்குப் பெரிய மதிப்பு இல்லை. மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு எடுத்தால் பல நேரம் அது சிறுத்துவிடும் அல்லது மறைந்துவிடும். லீட் 2, ஏவிஎஃப் ஆகியவற்றிலும் சேர்ந்து, 30 மில்லி விநாடிக்குக் குறையாத அகலமும் 1 மி.மீ. ஆழமும் இருந்தால்தான் பொருட்படுத்த வேண்டும். அப்போது எக்கோவில் அந்தச் சுவர் சரியாக அசைகிறதா என்று பார்த்தால் தெளிவாகிவிடும்.

மூச்சை இழுக்கும்போது துடிப்பு கூடுவது, மூச்சை விடும்போது குறைவது, ‘சைனஸ் அரித்மியா’. இது இளமையான, ஆரோக்கியமான இதயத்தின் குணம்.

நன்றாக உடற்பயிற்சி செய்பவர்களுக்குத் தனி அளவுகோல் உண்டு. 2017-ல் வெளியான சர்வதேசப் பரிந்துரையில் ‘எல்லையோரம்’ என்று தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள்: அச்சு இடப்பக்கமோ வலப்பக்கமோ விலகல், இடது அல்லது வலது மேலறை பெரிதாகத் தெரிவது, முழு வலக்கிளைத் தடை. அறிகுறியோ குடும்பப் பின்னணியோ இல்லாத வீரருக்கு இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் மேற்கொண்டு பரிசோதனை தேவையில்லை. இரண்டு அல்லது அதற்கு மேல் சேர்ந்தால் பார்க்க வேண்டும். எனக்கு இந்த அணுகுமுறை மிகவும் பிடிக்கும். தனித்தனியாக நிற்கும் குறிப்பைவிடச் சேர்ந்து வரும் குறிப்புகளுக்குத்தான் எடை அதிகம் என்பதை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் எழுதி வைக்கவில்லை.

இப்போது உங்கள் மனதில் உள்ள அடைப்புக்கு வருவோம். ஓய்வில் எடுக்கும் இசிஜி அடைப்பைக் காட்டும் பரிசோதனை அல்ல. குழாயில் 70 சதவீதம் அடைப்பு உள்ளவருக்கும் படுத்திருக்கும்போது இசிஜி முழு நார்மலாக இருக்கலாம். அதுபோலவே, எல்லையோரக் குறிப்பு வந்தவருக்குக் குழாய்கள் சுத்தமாக இருக்கலாம். அறிகுறி இல்லாத, ஆபத்து குறைவான பெரியவர்களுக்கு இதய நோயைத் தேடி இசிஜி எடுக்கவே வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018-ல் பரிந்துரைத்தது, இப்படிப்பட்ட குறிப்புகள் தேவையற்ற பரிசோதனைகளுக்கு இழுத்துச் செல்லும் என்பதும் ஒரு காரணம். ட்ரெட்மில் பரிசோதனையும் அப்படித்தான்: அறிகுறி இல்லாத இளைஞருக்கு அது ‘பாசிட்டிவ்’ என்று வந்தால் பொய்யாக வந்திருக்கவே வாய்ப்பு அதிகம், ஆனால் வந்துவிட்டால் ஆஞ்சியோ வரை போகாமல் யாரும் விடமாட்டார்கள். உங்கள் எதிர்கால ஆபத்தைச் சொல்பவை பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால், புகை, இடுப்புச் சுற்றளவு, குடும்ப வரலாறு. அந்தப் பணத்தில் இவற்றை ஒழுங்காகப் பாருங்கள்.

வலி இருந்தால் கதையே வேறு. நெஞ்சில் அழுத்தம், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவுவது, குளிர்ந்த வியர்வை, திடீர் மூச்சிரைப்பு, இவற்றோடு எடுத்த இசிஜி நார்மலாகவோ பார்டர்லைனாகவோ இருந்தால் அது வீட்டுக்குப் போக அனுமதி இல்லை. மாரடைப்பின் தொடக்கத்தில் இசிஜி மாறாமல் இருப்பது உண்டு. 15 முதல் 30 நிமிட இடைவெளியில் மறுபடி மறுபடி எடுக்க வேண்டும், ரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத் தசை சேதமானால் கூடும் புரதம்) பார்க்க வேண்டும், அதையும் சில மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். ‘வாயுப் பிடிப்பு, இசிஜி நார்மல்தானே’ என்று சோடா குடித்துப் படுத்துவிடுவது நம் ஊரில் உயிர்களைப் பறிக்கும் பழக்கம். குறிப்பாகச் சுகர் உள்ளவர்கள், பெண்கள், வயதானவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சிரைப்பும் களைப்பும் மட்டும் வரலாம். இப்படி இருந்தால் ஸ்கூட்டரை எடுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வலி இல்லாவிட்டாலும் பார்டர்லைன் குறிப்பைத் தள்ளிவைக்கக் கூடாத சிலர் இருக்கிறார்கள். ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழுந்தவர். குடும்பத்தில் யாராவது 40 வயதுக்குள் திடீரென்று இறந்திருப்பவர், அதில் ‘நீரில் மூழ்கி’, ‘தூக்கத்திலேயே’ என்று சொல்லப்பட்ட மரணங்களும் சேரும். காரணமில்லாமல் திடீரென்று தொடங்கி திடீரென்று நிற்கும் படபடப்பு உள்ளவர். பழைய தாளில் இல்லாத மாற்றம் புதிதாகத் தெரிபவர். இவர்கள் எல்லோரும் இதய மருத்துவரை நேரில் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு இவை எதுவும் இல்லை என்பதால், மறு இசிஜியில் க்யூடிசி இறங்கி, பொட்டாசியமும் சரியாக இருந்தால் விஷயம் அங்கேயே முடிகிறது. டி அலை மாற்றம் அப்படியே நின்றால் ஓர் எக்கோவும் தைராய்டு, ஹீமோகுளோபினும் பார்த்துக்கொள்ளுங்கள். அவையும் சரியாக இருந்தால் அந்த டி அலைதான் உங்கள் இயல்பு. கம்பெனிக்குக் கொடுக்க மருத்துவரிடம் வெறும் ‘ஃபிட்’ என்று மட்டும் வாங்காதீர்கள். ‘மறு இசிஜியில் துடிப்பு இவ்வளவு, கையால் அளந்த க்யூடிசி இவ்வளவு, சூத்திரம் இது, அறிகுறி இல்லை, வேலைக்குத் தகுதி’ என்று எண்களோடு எழுதி வாங்குங்கள். அடுத்த வருடச் செக்கப்பில் இதே வரி அச்சானால் கேள்வி எழாது. இரண்டு தாள்களையும் உடனே வெளிச்சத்தில் நேராக வைத்துப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். இசிஜி பெரும்பாலும் வெப்பத்தில் கறுக்கும் தாளில்தான் அச்சாகிறது, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் சில வருடங்களில் கோடுகள் மங்கி வெறும் கட்டங்களே மிஞ்சும். படத்தை போனில் வைத்திருப்பதோடு, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். என்றைக்காவது அவசரமாக மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், அங்கே எடுக்கும் இசிஜியை ஒப்பிட டாக்டர் முதலில் கேட்பது இந்தப் பழைய தாளைத்தான்.